மரத்தை வெட்டுமுன்... குளத்தைத் தூர்க்குமுன்...!

அல்லி பூத்த கேணி இருந்த ஊர். அதனால் அது திருவல்லிக்கேணி!

ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பார்த்தசாரதி கோவில் திருக்குளம்தான் அந்தக் கேணி.

இந்த ஊருக்குப் பக்கிங்காம் கால்வாயும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அப்போது பசித்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இந்தக் கால்வாயால் இணைத்தார்கள். நீளம் சுமார் 8 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இதில் படகு போயிற்று!

1990-களில் கால்வாயின் மேல் பறக்கும் ரயில் வந்தது. தூண்கள் தண்ணீருக்குள்ளேயே எழுந்தன. ரயில் வந்தது நல்லதுதான். ஆனால் கால்வாய் குறுகிவிட்டது.

சதுப்பு நிலம்

2007-இல் அதே ரயில் வேளச்சேரி வரை நீண்டது. அதன் அருகே இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல மெல்லப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் நிலம் அது.

அங்கே குப்பை கொட்டினார்கள். கட்டடம் கட்டினார்கள். சதுப்பு நிலம் சுருங்கியது. 2015 டிசம்பரில் பெருமழை பெய்தது. வேளச்சேரி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது! தண்ணீரின் இடத்தை நாம் எடுத்தோம். நம் இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது.

2022-இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இரவுக் காவலர்

நீர்நிலை இருந்தால் பூச்சி இருக்கும். பூச்சி இருந்தால் அதைப் பிடிக்க வௌவால் வரும். ஒரு சிறு வௌவால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைத் தின்றுவிடும். தாகம் எடுத்தால் பறந்தபடியே தண்ணீரைத் தொட்டுக் குடிக்கும்.

பெரிய பழந்தின்னி வௌவாலின் தொழில் வேறு. ஆல், அத்திப் பழங்களைத் தின்று விதைகளைத் தூவும். இலுப்பைப் பூவுக்கும் இலவம் பூவுக்கும் மகரந்தம் சுமக்கும். கூலி கேட்காத தோட்டக்காரன்!

அது ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். குட்டி சில வாரம் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அதை மரத்தில் விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போகும். அந்தச் சமயத்தில் மரத்தை வெட்டினால் என்ன ஆகும்? பறக்கத் தெரியாத குட்டிகள் தரையில் விழுந்து சாகும்.

சட்டம் மாறியது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், பழந்தின்னி வௌவாலைத் தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. பெரிய பழந்தின்னி வௌவால் இப்போது பாதுகாக்கப்பட்ட பிராணி.

என்ன செய்யலாம்?

மரத்தை வெட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். அடியில் எச்சமும் கடித்த பழமும் கிடக்கின்றனவா? அந்தி நேரத்தில் வௌவால்கள் கிளம்புகின்றனவா? அப்படியானால் கோடாரியைக் கீழே வையுங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிளையைக் கழித்தால் போதுமா என்று பாருங்கள். வெட்டியே தீரவேண்டும் என்றால், குட்டிகள் பறக்கும் வரையாவது பொறுங்கள்.

வீடு இடித்த மண்ணையும் கல்லையும் குளத்திலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள்.

வௌவாலைக் கையால் தொடவேண்டாம். அது கடித்த பழத்தைத் தின்னவும் வேண்டாம். அதனால் நோய் வரக்கூடும். எட்ட நின்றால் அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் கழுப்பெரும்பாக்கம் என்று ஒரு கிராமம். அங்குள்ள ஆலமரத்தில் வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகின்றன. சத்தம் கேட்டு அவை மிரண்டு ஓடிவிடக் கூடாதே என்று, அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை!

குழந்தைகளின் பட்டாசையே ஒரு கிராமம் விட்டுக்கொடுக்கிறது. பட்டணத்தில் இருக்கும் நாம், குட்டி பறக்கும் வரை ஒரு மரத்தை விட்டுவைக்கக் கூடாதா?