ஆளுக்கேற்ற மாத்திரை

பத்து பாகாட் என்னும் மலாய்ப் பெயருக்குச் ‘செதுக்கிய கல்’ என்பது பொருள். உளி கொண்டு வேண்டாததை நீக்க, வேண்டிய உருவம் எஞ்சி நிற்கும். நம் பால்மரத் தொழிலும் ஏறக்குறைய அத்தகையதே. பட்டையை மெல்லிதாகச் சீவி நீக்கினால்தான் பால் வடிந்து மங்கில் விழுகிறது. ஆழமாகச் சீவினால் மரம் காயப்படும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். அளவு தப்பக்கூடாது என்பதைக் கை பழகிய தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே பத்து பாகாட் மாவட்டத்தில், ஆயர் ஈத்தாம் செல்லும் சாலையில் உள்ள பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1993-ஆம் ஆண்டில் பல்தொழில் கல்லூரி ஆசிரியர்களின் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அந்நிறுவனம், 2007-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்குப் பொறியியல் பயிலும் மாணவர்கள் அறிந்துகொள்ளும் தொழில்நுட்பங்களுள் ஒன்று, செதுக்குதலுக்கு நேர்மாறானது. அதில் எதையும் வெட்டி நீக்குவதில்லை. மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்தே பொருள் உருவாக்கப்படுகிறது. முப்பரிமாண அச்சு என்று இதனை வழங்குகின்றனர். நம் கடைகளில் விற்கும் குவே லாப்பிஸ் பலகாரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஓரடுக்கு வெந்தபின் அதன்மேல் அடுத்த அடுக்கு.

இயந்திர உறுப்புகளும் செயற்கைப் பற்களும் இம்முறையில் செய்யப்படுவதைப் பலர் கேள்வியுற்றிருக்கலாம். மாத்திரையும் இவ்வாறு செய்யப்படுகிறது என்பதே நாம் இங்கு விளக்க விரும்பும் செய்தி. ‘மாத்திரை செய்யத்தான் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, புதிய முறை எதற்கு?’ என்று கேட்பது நியாயமே. அதற்கு விடையாக நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம்.

யோங் பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். காலைப் பசியாறல் முடிந்ததும் அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தார். பாக்கு வெட்டத்தான் என்று எண்ணினோம். அவரோ இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை அதன் வாயில் வைத்து நறுக்கினார். மாத்திரை இரண்டாகாமல் மூன்றாயிற்று. கொஞ்சம் தூளும் சிந்தியது. ‘அரை மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், தம்பி; வீட்டில் இருப்பது முழு மாத்திரை’ என்றார். பெரிய துண்டைத் தாம் விழுங்கிவிட்டுச் சிறிய துண்டுகளை மறுநாளுக்கென்று தாளில் மடித்து வைத்தார். சில நாள்களில் தலை சுற்றுவதாகவும் சில நாள்களில் ஒன்றுமில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தலைசுற்றலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால், ஒரு நாள் முக்கால், மறுநாள் கால் என்று உண்பவருக்கு மருத்துவர் குறித்த அளவு எந்த நாளிலும் சேரவில்லை என்பது உறுதி.

அத்துடன் முடியவில்லை. நீரிழிவுக்குரிய பெரிய மாத்திரை தொண்டையில் அடைக்கிறது என்று அதனைச் சிற்றுரலில் இட்டு நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். உறையைப் பார்த்தோம். அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தை விடுமாறு அமைக்கப்பட்ட மாத்திரை. அதனை நுணுக்கினால் ஒரு நாளுக்குரிய மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். வயிற்றைப் புரட்டுவதாக அவர் கூறியதில் வியப்பில்லை.

பாட்டியைக் குறை கூறிப் பயனில்லை. கோளாறின் வேர் மாத்திரை செய்யப்படும் முறையிலேயே உள்ளது. தொழிற்சாலையில் மருந்துத்தூளை அச்சுக்குழியில் நிரப்பி, இரும்புத் தண்டுகளால் அழுத்தி மாத்திரையாக்குகின்றனர். ஓர் இயந்திரம் மணிக்கு இலட்சக்கணக்கில் செய்து தள்ளும். இதனால்தான் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது. இதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால், குழியின் அளவு எதுவோ அதுவே மாத்திரையின் அளவு. ஐந்து மில்லிகிராம், பத்து மில்லிகிராம் என்று இரண்டு மூன்று அளவுகளே கடைக்கு வரும். ஏழு மில்லிகிராம் தேவைப்படும் உடம்பும் உலகில் உண்டு. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கும், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கும், எண்பது கிலோ எடையுள்ள இளைஞனுக்கும் ஒரே குழியில் வார்த்ததைத்தான் கூட்டியும் வெட்டியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முப்பரிமாண அச்சில் குழியே இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதைக் கணினியில் குறித்துவிட்டால், இயந்திரம் அவ்வளவையே அடுக்கி நிறுத்திவிடும். இதில் பல முறைகள் உள்ளன. இரண்டை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது முறையில், மருந்துத்தூளை மெல்லிய விரிப்பாகப் பரப்பி, அதன்மேல் வேண்டிய இடத்தில் மட்டும் ஒருவகைத் திரவத்தை நுண்துளிகளாகத் தெளிக்கின்றனர். துளி பட்ட இடத்தில் தூள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மீண்டும் தூள், மீண்டும் துளி. ஆசிட் விட்ட இடத்தில் ரப்பர்ப்பால் உறைவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். வேதியியல் வேறாயினும் காட்சி அதுவே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1980-களின் இறுதியில் இம்முறையை வகுத்தனர். இரண்டாவது முறையில், மருந்து கலந்த குழம்பையோ, சூட்டில் இளகும் இழையையோ ஊசிமுனைத் துளைவழியாகப் பிழிந்து, சுற்றிச் சுற்றி அடுக்குகின்றனர். முறுக்கு பிழிவதும் இழைக்கோலம் இடுவதும் ஒன்றாகச் சேர்ந்தாற்போன்றது இது.

இவற்றுள் முதல் முறையில் செய்த மாத்திரைதான் உலகிலேயே முதன்முதலாக அரசு ஒப்புதல் பெற்றது. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ‘ஸ்பிரிட்டாம்’ என்னும் மாத்திரைக்கு அனுமதி அளித்தது. அதிலுள்ள லெவெடிராசெட்டாம் காக்காய் வலிப்புக்குக் கொடுக்கப்படும் பழைய மருந்துதான். செய்யும் முறையே புதிது. அழுத்தாமல் அடுக்கியதால் மாத்திரையினுள் எங்கும் நுண்துளைகள் இருக்கின்றன. ஒரு மடக்குத் தண்ணீர் பட்டவுடன், சராசரியாக 11 வினாடியில் வாயிலேயே அது கரைந்து போகிறது. 1000 மில்லிகிராம் மருந்து கொண்ட பெரிய மாத்திரையும் இவ்வாறு கரையும். வலிப்பு நோயாளிக்கு ஒரு வேளை மருந்து தவறினாலும் ஆபத்து நேரலாம். விழுங்க இயலாமல் துப்பிவிடும் பிள்ளையை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த 11 வினாடியின் அருமை புரியும்.

விரைந்து கரையச் செய்வது போலவே மெல்லக் கரையவும் செய்யலாம். கற்கண்டுக் கட்டியையும் பொடித்த சர்க்கரையையும் ஒரே நேரத்தில் நீரில் இட்டுப் பாருங்கள். நீர் தொடும் பரப்பு எங்கே மிகுதியோ அங்கே கரைவு விரைவு. அச்சு இயந்திரத்தில் மாத்திரையை வளையமாகவும் கூம்பாகவும் வலைப்பின்னலாகவும் செய்ய முடிவதால், மருந்து எத்தனை மணி நேரத்தில் வெளிப்பட வேண்டும் என்பதை உருவத்தைக் கொண்டே ஓரளவு தீர்மானிக்கலாம். சீனாவைச் சேர்ந்த டிரையாஸ்டெக் நிறுவனம் முடக்குவாதத்துக்கென இத்தகைய மாத்திரை ஒன்றை வடிவமைத்து, அதனை மனிதரிடம் சோதித்துப் பார்க்க 2021-இல் அமெரிக்க நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. இரவு படுக்கும்போது விழுங்கினால், மூட்டுகள் விறைத்து வலி மிகும் காலை நேரத்தில் மருந்து உடம்பில் நிறைந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இருட்டோடு எழுந்து உளி பிடிக்கும் விரல்களுக்கு இதைவிட ஏற்ற எண்ணம் உண்டோ!

ஒரே மாத்திரையில் பல மருந்துகளைத் தனித்தனி அறைகளாக அடக்கவும் இயலும். இங்கிலாந்தின் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஐந்து மருந்துகளைக் கொண்ட ஒரு மாத்திரையை அச்சிட்டுக் காட்டினர். அவற்றுள் இரண்டு உடனே வெளிப்படும். மற்ற மூன்று தத்தம் அறையிலிருந்து மெல்லக் கசியும். இஃது ஆய்வுக்கூடச் சாதனையே, மருந்தகத்துக்கு வந்துவிடவில்லை. ஆயினும், இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு என்று ஒரு கை நிறைய மாத்திரை உண்போர் நம்மிடையே மிகுதி. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினைவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அவ்விகிதம் இன்னும் உயர்ந்திருக்கிறது.

ஆளுக்கேற்ற அளவு என்பது உண்மையில் கைகூடுமா என்னும் வினாவுக்கு ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நகர மருத்துவமனையில் நடந்த முயற்சி விடை கூறுகிறது. உணவிலுள்ள புரதத்தின் சில கூறுகளை உடம்பு சிதைக்க முடியாமல் போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. சிறுநீரில் பாகு மணம் வீசும். இந்நோயுள்ள பிள்ளைகளின் உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்த நேர்வதால், ஐசோலியூசின் என்னும் கூறு இரத்தத்தில் அளவுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அதனை இரத்தச் சோதனைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டும். வழக்கமாக மருந்தாளர் தூளைக் கையால் நிறுத்துக் குப்பியில் அடைப்பார். அங்கு, லண்டனைச் சேர்ந்த ஃபேப்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தை மருத்துவமனையிலேயே நிறுவி, மெல்லும் மாத்திரைகளாக அச்சிட்டுக் கொடுத்தனர். சுவையும் நிறமும்கூட மாற்றித் தரப்பட்டன. 2019-இல் முடிவு வெளியாயிற்று. அச்சிட்ட மாத்திரை உண்ட காலத்தில் இரத்த அளவு இலக்கை ஒட்டி நின்றது. சோதனைக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் மட்டுமே. நால்வரைக் கொண்டு உலகத்துக்கே தீர்ப்பளிக்க முடியாது. ஆனால், மருத்துவமனையின் மருந்தறையிலேயே இவ்வேலை நடக்கக்கூடும் என்பதை அது மெய்ப்பித்தது.

தடைகள் சிறியன அல்ல. அழுத்தும் இயந்திரத்தின் வேகத்துக்கு அச்சு இயந்திரம் ஈடாகாது. இழையை இளக்கும் சூட்டில் சில மருந்துகள் கெட்டுப்போகும். எல்லாவற்றினும் கடினமானது சோதனை. தொழிற்சாலையில் ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்து, உடைத்துக் கரைத்துச் சோதிக்கின்றனர். ஒரு நோயாளிக்கென்று இருபத்தெட்டே மாத்திரை அச்சிட்டால் எதனை உடைப்பது? ஆகவே, உடைக்காமல் ஒளிக்கதிரைப் பாய்ச்சி உள்ளிருக்கும் மருந்தை அளக்கும் முறைகளை ஆராய்ந்து வருகின்றனர். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பவர் இயந்திரம் செய்தவரா, கணினியில் அளவைக் குறித்தவரா, மருந்தாளரா என்ற கேள்வியும் இருக்கிறது. நோயாளியின் அருகிலேயே மருந்து செய்வதற்கென்று பிரிட்டன் தனிச் சட்டவிதிகளை இயற்றி, 2025 ஜூலை 23 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகும்வரை அவசரம் காட்டாதிருப்பதே நன்று என்பது நம் கருத்து.

நம் நாட்டில், 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் பதிவு செய்த மருந்தையே விற்கலாம். பதிவான மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும், சாய்த்துப் பார்த்தால் மின்னும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். ‘கணினியில் செய்த புது மாத்திரை’ என்று எவரேனும் தோட்டத்துக்குள் கொண்டுவந்தால், முதலில் பார்க்க வேண்டியவை இவ்விரண்டுமே.

இனி, பாட்டியின் பாக்குவெட்டிக்கு வருவோம். அச்சு இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. பெட்டியிலிருந்த மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மகனுடன் சுகாதார நிலையத்து மருந்தாளரிடம் போகுமாறு கூறினோம். கூச்சப்பட்டார், வெட்டியதற்கு ஏசுவார்களோ என்று அஞ்சினார். மருந்தாளர் ஏசவில்லை. துண்டுகளையெல்லாம் மேசைமேல் கொட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் கோடு உள்ள மாத்திரையைக்கூடக் கேட்ட பிறகே பிளக்க வேண்டும் என்றும், மெல்லக் கரையும் வகையைப் பிளக்கவோ நுணுக்கவோ கூடாது என்றும் விளக்கினாராம். மருத்துவரிடம் பேசி, அழுத்தத்துக்குப் பாதி அளவுள்ள சிறிய மாத்திரையையும், நீரிழிவுக்கு இரு வேளை உண்ணும் சாதாரண வகையையும் மாற்றிக் கொடுத்தார். இரண்டுமே பாட்டியின் தொண்டையில் இறங்குபவை. விழுங்கவே இயலாதவர்களுக்குச் சில மருந்துகள் திரவமாகவும் கிடைக்கும் என்று மகனிடம் சொல்லியனுப்பினார்.

தாளில் மடித்து வைத்திருந்த பழைய துண்டுகளை மருந்தாளரே வாங்கிக்கொண்டார்.