செல்லுக்குள்ளே ஒரு நீர்மலை

'செல்' என்றால் இந்தக் காலத்தில் எல்லாருக்கும் கையிலே இருக்கிற ஃபோன்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது நம் உடம்பிலே கோடி கோடியாக இருக்கிற செல்லைப் பற்றி. பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பெண்கள் உள்ள வீடுகளில் "படம் வரைந்து பாகம் குறி" என்றாலே முகம் வாடிவிடுகிறது. பெயர்களை உருப்போட்டு எழுதிவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாத பாடம் இது. படிக்கிற பெண்ணுக்கு மட்டுமல்ல, பெற்ற தாய்க்கும் வேண்டிய பாடம்.

1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்தன. அவர் வைத்த பெயர்தான் 'செல்'.

எங்கள் ஊர் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் வந்த சமயம் மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். அது வடிய ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், செல் புரிந்துவிடும். என் பெண்ணுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நடுவே நிற்கும் மலை, உட்கரு. சுற்றியுள்ள நீர், சைட்டோபிளாசம். ஏரிக்கரை, செல் சவ்வு. கரையில் மதகு இருப்பதுபோல் சவ்விலும் வழிகள் உண்டு. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை வெளியே அனுப்பும். நீருக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி அடுப்புகள், நாம் சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றித் தருகின்றன. மலைக்குள்ளே, அதாவது உட்கருவில், மனிதருக்கு 46 குரோமோசோம்கள். செல் என்ன வேலை செய்ய வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அவற்றில்தான். செடிகொடி என்றால் கரைக்கு வெளியே செல் சுவர் என்று ஒரு மதிலும், இலையில் உணவு சமைக்கப் பசுங்கணிகமும் கூடுதல்.

சவ்வின் வேலையைப் பார்க்க லேபரட்டரி வேண்டாம், சமையலறையே போதும். மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கிறதல்லவா? வெளியே உப்பு அதிகமானதால் செல்லுக்குள் இருந்த நீர் சவ்வு வழியே வெளியேறிவிட்டது. வடுவும் சுருங்கிப் போகிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் இதற்கு நேர்மாறாக உப்பிவிடும். பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்பது இதுதான்.

இனி அம்மாக்களுக்கான விஷயம். செல் பிரிவது நல்லதுதான். காயம் ஆறுவதும், குழந்தை வளர்வதும் அதனால்தான். ஆனால் உட்கருவில் உள்ள குறிப்பு கெட்டுப்போய், நிறுத்தாமல் பிரிந்துகொண்டே போனால் அதுவே புற்றுநோய். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் ஒன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். நல்ல காலமாக, இது ஒரே நாளில் வருவதில்லை. செல் மாறத் தொடங்கி நோயாக முற்றப் பல வருஷங்கள் ஆகும்.

அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் 'பாப் ஸ்மியர்' சோதனை. பாப்பனிகொலாவு என்ற டாக்டர் கண்டுபிடித்தது. சின்ன பிரஷ்ஷால் கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நல்ல செல்லில் ஏரி பெரிசு, மலை சிறிசு. கெட ஆரம்பித்த செல்லில் மலை வீங்கிக் கறுத்து, ஏரி சுருங்கிப்போகும். மகள் படத்தில் குறிக்கிற அதே உட்கருதான்! சில நிமிஷ வேலை, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு மாமியிடம் சொன்னபோது, "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடீ, எதுக்குப் போய்க் காட்டணும்?" என்றார். ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட சோதனை என்று, ஏரியும் மலையும் வரைந்து காட்டினேன். மறு வாரமே மருமகளையும் அழைத்துக்கொண்டு போய் வந்தார்.

தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டு 1954இல் தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்நோய்க்கான சோதனை உண்டு. 30 வயது தாண்டிய சகோதரிகள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளை பட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். 9 முதல் 14 வயதுள்ள பெண் குழந்தைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.