உஷார்! வீட்டுக்குள் ஓடும் வாக்கர்

ஏழெட்டு மாதக் குழந்தை இருக்கிற வீடா உங்களுடையது? அக்கா பிள்ளைக்கு வாங்கிய வாக்கர் பரணில் கிடக்கிறது, துடைத்து எடுக்கலாம் என்று யோசனை ஓடுகிறதா? இறக்க வேண்டாம். காதுகுத்துக்கு யாராவது புதிதாக வாங்கி வந்து நீட்டினாலும் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் தட்டு, அடியில் சக்கரங்கள், அழுத்தினால் பாட்டு. பார்க்க சாதுவான சாமான்தான். ஆனால் கனடா 2004-ல் இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்துவிட்டது. வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பவர்கூட அங்கே இதை விற்க முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தடை கேட்டு வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அந்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, 15 மாதம்கூட நிரம்பாத குழந்தைகள் சுமார் 2,30,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நான்கில் மூன்று குழந்தைகள் மாடிப்படியில் உருண்டவை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அடி தலையிலோ கழுத்திலோ.

“நாங்க பக்கத்துலயேதான் இருப்போம்” என்பீர்கள். அங்கேயும் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் நடந்திருக்கிறது. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் பாய்ந்துவிடும். நாற்காலியிலிருந்து நீங்கள் எழுவதற்கே அந்த ஒரு நொடி போய்விடும்.

நம் வீடுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. வடித்த கஞ்சி தரையில் ஆறிக்கொண்டிருக்கும். விளக்கு தரையோடு எரியும். மேஜை விளிம்பில் ரசம், அதன் விரிப்பு நுனி தொங்கிக்கொண்டு. இஸ்திரிப் பெட்டியின் ஒயர் ஒரு பக்கம். மாடிப்படிக்குக் கதவு வைத்த வீடு எத்தனை? தவழ்கிற பிள்ளைக்கு எட்டாதது எல்லாம் வாக்கரில் நிமிர்ந்த பிள்ளைக்கு எட்டும். நிலைப்படியில் சக்கரம் தட்டினால் வண்டியோடு குப்புற.

சரி, நடையாவது சீக்கிரம் வருமா? வராது. 2002-ல் வெளியான ஓர் அயர்லாந்து ஆய்வில், மொத்தமாக 24 மணி நேரம் வாக்கரில் கழித்தால் தனியாக நடப்பது மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போவதாகக் கணக்கு வந்தது. வித்தியாசமே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. வாங்குகிறவர் எதிர்பார்க்கும் லாபம் அவற்றிலும் இல்லை. குழந்தை அதில் நடப்பதில்லை, நுனிக்காலால் உந்துகிறது, அவ்வளவுதான். குதிகால் தரையில் பதிவதில்லை. தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே போகிறது என்றே அதற்குத் தெரியாது. சாயும்போது உடம்பைச் சமாளிக்கும் வித்தையை விழுந்து எழுந்துதானே பிள்ளை பழக வேண்டும்? வாக்கர் விழவே விடுவதில்லை.

அதற்கு வேண்டியது தரை. பாயை விரித்து இறக்கிவிடுங்கள். இன்னும் நகரத் தெரியாத கைக்குழந்தையை, விழித்திருக்கும்போது, நாளெல்லாம் விட்டுவிட்டு மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்கவிடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டல். (ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்துவதை ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவமாக நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் என்றைக்கோ பாடிவிட்டார்கள்.) பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தூங்கிவிட்டால் உடனே மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும். குப்புறத் தூங்கவிடுவது ஆபத்து. ஒரு வயது தாண்டியதும் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது அதே வழிகாட்டல். இடுப்பில் வார் போட்டு ஒரே இடத்தில் ஒரு மணிக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது. இரண்டு வயது வரை செல்போன், டிவி எதுவும் வேண்டாம். சோறு ஊட்டுகிறவர்களுக்கு இது கசக்கும், தெரியும்.

நகர ஆரம்பித்த பிள்ளைக்குத் தலையணையைக் குறுக்கே போடுங்கள், ஏறி இறங்கட்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் ஆடாத ஸ்டூலோ கட்டில் ஓரமோ போதும். எட்டு வைக்கத் துடிக்கும்போது பழைய மர நடைவண்டி நல்லது. பின்னால் நின்று, தன் காலாலேயே தள்ளுவதால் பாதம் முழுதாகப் பதியும். அதையும் படிக்கட்டுப் பக்கம் விடாதீர்கள். லேசான வண்டியாக இருந்தால் சரிந்துவிடும், கனமாகப் பார்த்து வாங்குங்கள்.

எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று பதற வேண்டாம். 8 மாதத்தில் நடப்பதும் உண்டு, 17 மாதத்தில் நடப்பதும் உண்டு. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வாக்கர் கடைக்குப் போகாதீர்கள்.

பரணில் கிடக்கும் அந்தப் பழைய வாக்கரை நாத்தனார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தை உடைத்துக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்.