பொங்கல் அடுப்பை மூட்டுவதற்கு முன்

ஆடி பிறந்துவிட்டால் செமினி வட்டாரத்து அம்மன் ஆலயங்களில் கூழ் வார்த்தலும் பொங்கலிடுதலும் தொடங்கிவிடுகின்றன. ஆலய வளாகத்தில் எல்லாருக்கும் இடம் போதாமையால், நேர்த்திக்கடன் செலுத்தும் அன்பர்களில் பலர் தத்தம் இல்லத்து வாசலிலேயே மூன்று செங்கற்களைக் கூட்டி, பொங்கலிட்டுப் பின் அம்மனுக்குப் படைக்கக் கொண்டு வருகின்றனர். தைப்பொங்கல் அன்றும் இதே காட்சிதான். ஆண்டு முழுவதும் எரிவாயு அடுப்பில் சமைக்கும் குடும்பம், இரண்டொரு நாட்கள் மட்டும் விறகடுப்பிற்குத் திரும்புகிறது. பழக்கம் விட்டுப்போன கை நெருப்பைத் தொடுவதனால்தான் தீப்புண்ணும் விபத்தும் நேருகின்றன.

தோட்டத்து நாட்களில் இந்தக் கவலை இருந்ததில்லை. செமினி, ரிஞ்சிங், புரோகா, பெரானாங் எனப் பால்மரக் காடுகள் பரந்து கிடந்த காலத்தில் லயத்துப் பெண்மக்களுக்கு விறகே எரிபொருள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காக வெட்டித் தள்ளும்போது விறகுக்குப் பஞ்சமில்லை. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடுகளை உலர்த்தவும், செங்கற்சூளைகளில் கல்லைச் சுடவும் அதே விறகுதான் சென்றது. பின்னர் பால்மரக் கட்டை மேசை நாற்காலி செய்யும் தொழிலுக்குப் போயிற்று. தோட்டங்கள் பலவும் தாமான்களாயின. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005ஆம் ஆண்டு முதல் செமினியில்தான் இயங்கி வருகிறது. பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையைப் பேத்திமார் கேட்டறிந்து செய்ய வேண்டிய நிலை வந்திருப்பதில் வியப்பில்லை.

முதலில் விறகு. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலிமை கழிந்துவிடுவதால் பானை சூடேறுவதில்லை, புகைதான் மிஞ்சும். நன்கு எரிய வேண்டுமாயின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்கும் கீழே இருத்தல் வேண்டும். இதை அறியக் கருவி ஏதும் தேவையில்லை. இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். முனையில் வெடிப்புகள் தெரிய வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் ஈரம் போகவில்லை என்பது பொருள். பால்மரக் கட்டையை வெட்டியவுடன் பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி, மேலே மட்டும் மறைத்துப் பக்கங்களில் காற்றாட விடுதல் வேண்டும். முழுக்கட்டையாகப் போட்டு வைத்தால் நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்து, வண்டு துளைத்து மாவாக உதிரும்.

விறகு கிடைக்கவில்லையென்று தளவாடத் தொழிற்சாலைத் துண்டுகளையும், சாயம் பூசிய பழைய பலகைகளையும், ஒட்டுப்பலகைகளையும் அடுப்பில் இடுவோர் உளர். இது பெருந்தவறு. பசையும் வார்னிஷும் எரிந்தால் வரும் புகை நச்சுப்புகை. கரையானுக்கு மருந்தேற்றிய சில பலகைகளில் ஆர்சனிக் கலந்திருக்கும். அதன் சாம்பலும் நஞ்சே. அம்மனுக்குப் படைக்கும் அன்னத்தை இப்படிப்பட்ட தீயிலா ஆக்குவது? காய்ந்த தென்னை மட்டை, பாளை, சிரட்டை ஆகியவை தீ மூட்டுவதற்குப் போதுமானவை. நின்று எரியும் கனலுக்குப் பேராக் மாநிலம் கோலா செப்பேத்தாங்கில் பாக்காவ் மரத்தைச் சுட்டெடுக்கும் கரியைச் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அடுப்பின் இடம். இன்றைய தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் முகப்பே வாசல். காரை வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எரிவாயுத் தோம்பையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் அப்புறப்படுத்திய பின்னரே கல்லை அடுக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் கூரையோ, துணிப் பந்தலோ, மாவிலைத் தோரணமோ தொங்கும் இடம் ஆகாது. சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் நேராகத் தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் கொதித்துத் தரை வெடித்துச் சில்லுகள் தெறிக்கும். நான்கு விரற்கடை உயரத்திற்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் அடுப்பைக் கூட்டுவதே பாதுகாப்பு. ஆற்றில் எடுத்த கூழாங்கல்லை அடுப்புக் கல்லாக வைக்கக்கூடாது, அதுவும் வெடிக்கும். சூளையில் சுட்ட செங்கல்லே உகந்தது. அடுக்குமாடியில் வசிப்போர் தாழ்வாரத்தில் விறகு மூட்டுவதைக் கைவிட்டு, எரிவாயு அடுப்பிலேயே பொங்கலிடலாம். அதனால் அம்மனின் அருள் குறைந்துவிடும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

மூன்று கல் அடுப்பு எளிமையானது என்றாலும் விறகை விழுங்குவது. எரிகின்ற விறகின் வெப்பத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் பானையைச் சேர்கிறது. மீதி காற்றோடு போய்விடுகிறது. நம் முன்னோர் இதை அறிந்தே கொடியடுப்பை அமைத்தனர். பெரிய அடுப்பில் எரியும் தீயின் மிச்ச வெப்பம் உட்குழி வழியே பக்கத்துச் சிறிய அடுப்பிற்குச் செல்லும். ஒரே விறகில் சோறும் குழம்பும் வெந்துவிடும். இலங்கையில் 1980களில் பரவிய ‘அநாகி’ என்னும் இரட்டைப் பானை மண்ணடுப்பும் இந்த அடிப்படையைக் கொண்டதே. மூன்று கல்லே போதும் என்போர், காற்று வரும் பக்கத்தை ஒரு தகரத்தால் மறைத்தாலே விறகு வெகுவாக மிச்சமாகும். பானையின் அடிப்பகுதி தீக்கொழுந்தின் நுனியில் அமர வேண்டும். மிகத் தாழ்ந்திருந்தால் புகையும் கரியும்; மிக உயர்ந்திருந்தால் வெப்பம் வீண்.

தீ வளர்ப்பதில்தான் கைத்திறன். மணிக்கட்டுக் கனத்திற்குப் பிளந்த விறகுகளை, ஒரு சிறு கல்லின்மேல் தலை உயர்ந்திருக்க வைத்து, அடியில் காற்றுப் புக வழி விட வேண்டும். நுனி மட்டுமே எரியட்டும். எரிய எரிய உள்ளே தள்ளுக. தீயைக் குறைக்க வேண்டுமானால் விறகை வெளியே இழுத்தால் போதும், நீர் தெளிக்க வேண்டா. வாயில் முழுவதும் விறகைத் திணிப்பவருக்குப் புகைதான் கிடைக்கும். புகை என்பது எரியாமல் தப்பிய விறகு என்பதை நினைவில் கொள்ளுதல் நலம். அரிசியையும் பருப்பையும் முன்னதாக ஊற வைத்தால் எரியும் நேரம் குறையும். பானையின் வெளிப்புறத்தில் மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசிவிட்டால் பின்னர் கரி எளிதாகக் கழுவப்படும். இது தோட்டத்து மூதாட்டிகள் கைவிடாத வழக்கம்.

தீ மங்கியது கண்டு மண்ணெண்ணெயை ஊற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். தணல் மீது விழுந்த எண்ணெய் ஆவியாகிச் சட்டென்று பற்றி, ஊற்றுபவரின் கை வரை ஏறும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கற்பூரமும் தென்னம் பாளையும் இருக்க இவை எதற்கு? பட்டு ஜரிகைச் சேலையும் பாலியெஸ்டர்ச் சேலையும் அடுப்பருகே கூடா. பருத்தியை உடுத்தி, முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்றடித் தொலைவில் கோடு கிழித்துவிடுக. ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் பக்கத்திலேயே இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் நீரூற்றாமல் மூடியால் மூட வேண்டும். சுட்டுக்கொண்டால் பற்பசையோ மாவோ ஐஸ்கட்டியோ வைக்காமல் இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டுவதே முதலுதவி. அவசர உதவிக்கு 999.

மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பையோ கரித்தணலையோ வீட்டிற்குள் தூக்கிச் சென்று கதவை அடைத்தல் மிகவும் ஆபத்தானது. அதில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே தெரியும். வீட்டினுள் எரிபொருள் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பெருந்தொகையினர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி ஆலயத்தில் 2009இல் 25 இலட்சம் பெண்கள் ஒரே நாளில் பொங்கலிட்டது கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. நகரத்துத் தெருக்கள்தோறும் செங்கல் அடுப்புகள். விழா முடிந்ததும் அக்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்ட வழங்கி வருகிறது.

நம் வட்டாரத்தில் அவ்வளவு கற்கள் சேரப்போவதில்லை. இருப்பினும் பொங்கல் முடிந்தவுடன் சாம்பலை நெகிழிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிடுவது பல வீடுகளில் காணும் வழக்கம். மேலே வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே தணல் மறுநாள் வரையிலும் உயிரோடிருக்கும். நீர் தெளித்துக் கிளறி, தகர வாளியில் ஓர் இரவு வெளியே வைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும். ஆறிய விறகுச் சாம்பல் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். கற்களைக் கழுவிக் காயவைத்து ஒரு மூலையில் அடுக்கிவிட்டால் தை மாதத்திற்கு ஆகும்.