குழல் பிளப்பது ஏன்?

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் பக்கத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே அமைந்தது ஈச்சிலம்பற்று. வயலும் காடும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம் அது. கதிர் முற்றும் காலத்தில் யானையையும் பன்றியையும் விரட்டக் கமக்காரர் பரணிற் கண்விழித்திருப்பர். இத்தகைய ஊர்களில் உரிமம் பெற்ற துவக்கு, மண்வெட்டியைப் போலவே கமத்தொழிற் கருவிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டு வந்திருக்கின்றது. இதே மாவட்டத்தின் துறைமுகத்திற் கடமை புரியும் காவலரோ இடுப்பில் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியைத் தாங்குகின்றனர். ஒன்று நீளமானது, மற்றது உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும், நேயர்களே, இரண்டும் அடிப்படையில் ஒன்றே: ஒரு முனை அடைத்த உருக்குக் குழல். அந்தக் குழல் பிளந்தால் முதலிற் போவது, சுடுகின்றவனின் விரலும் கண்ணுமாம்.

தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து வாயுவாகும்போது அது குழலின் சுவரை எல்லாத் திசையிலும் தள்ளுகின்றது. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கில் இந்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு வரை எழலாம். 1902ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் உருவான 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ அனுமதிக்கப்பட்ட மேல்வரம்பே ஏறக்குறைய 2,300 மடங்கு. சிறிய கருவிதானே என்று கைத்துப்பாக்கியை இலேசாக எண்ணுவோர் இந்தக் கணக்கை மனத்திற் கொள்ளவேண்டும். குழலின் சுவரை நீளவாக்கில் இழுக்கும் விசையைவிடச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை மிகுதி. ஆகையினால்தான், தீயில் இட்ட மூங்கில் நெடுகப் பிளப்பதுபோல, துவக்குக் குழலும் பெரும்பாலும் நெடுகவே பிளக்கின்றது.

குழல் கெடுவதற்குக் காரணங்கள் பல கூறலாம். அவற்றுள் தலையாயது அடைப்பு. பரணில் ஏறும்போது குழலின் வாய் சேற்றிற் பட்டிருக்கலாம். கூரை வளையிற் சில வாரம் செருகி வைத்த துவக்கினுள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். துளை கண்ட இடமெல்லாம் குளவிக்கு வீடு; அதற்குத் துவக்கென்றும் புல்லாங்குழலென்றும் பேதமில்லை. துடைத்த துணியின் துண்டு உள்ளே தங்கிவிடுவதும் உண்டு. இவை அற்பப் பொருள்களே. எனினும், விரைந்து வரும் ரவைக்கூட்டம் அவற்றில் முட்டித் தடைப்படும் கணத்தில், அவ்விடத்து அமுக்கம் சுவர் தாங்கும் அளவைக் கடந்துவிடும்.

கைத்துப்பாக்கியில் அடைப்பு வேறு வடிவில் வருகின்றது. ஈரம் ஏறிய மருந்து, அல்லது மருந்தே இல்லாத தோட்டா வெடிக்கும்போது, குண்டு வாய் வரை செல்ல வலியின்றிக் குழலின் நடுவே நின்றுவிடும். கடற்காற்று வீசும் ஊரிற் பழைய தோட்டாக்களை ஆண்டுக்கணக்காக வைத்திருப்போர்க்கு இவ்வச்சம் அதிகம். வழக்கமான முழக்கம் எழாது. பொத்தென்று ஓர் ஓசை மட்டும் கேட்கும், கையில் உதைப்பும் குறைந்திருக்கும். மேலுறை முழுத்தூரம் பின்செல்லாமையால் அடுத்த தோட்டா தானாக ஏறாது. இங்கேதான் ஆபத்து. பயின்ற கை பழக்கத்தினால் மேலுறையை இழுத்துவிடும். புதிய தோட்டா அறைக்குள் ஏறும். இரண்டாவது குண்டு நின்றிருக்கும் குண்டின்மேல் மோதி நிற்க, அவ்விடத்திற் குழல் மோதிரம்போற் புடைக்கும். வலியில்லாத உருக்காயின் பிளக்கும்.

ஆகவே, ஓசை குறைந்தால் உடனே நிறுத்துக. துப்பாக்கியின் வாய் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். மருந்து தாமதித்து வெடிப்பதும் உண்டாதலின் அரை நிமிடமாவது பொறுத்து, பின்னர் ரவைக்கூட்டை அகற்றி, அறையையும் வெறுமையாக்குக. அதன்பின் குழலைத் தனியே கழற்றி வெளிச்சத்திற் பார்க்கவேண்டும். நின்ற குண்டைப் பித்தளைக் கோலினால் தட்டி எடுப்பது துப்பாக்கிக் கம்மியருடைய வேலை. இன்னொரு தோட்டாவினால் அதை வெளியே தள்ளிவிடலாம் என்று கருதுவது மடமையின் உச்சி.

கெட்ட குழலைப் பார்த்தே காரணத்தை ஓரளவு கூறிவிடலாம். புடைப்போ பிளவோ அறைக்கு அப்பால், நடுக்குழலிலோ வாயின் அருகிலோ இருந்தால் அடைப்பே காரணமென ஐயுறலாம். குழலினூடே ஒளியை நோக்க, சீராக ஓடும் பளபளப்பை ஒரு கருவளையம் குறுக்கிடும். இறுக்கமான துணியைக் கோலிற் சுற்றிச் செலுத்தினால், அவ்விடம் வந்ததும் கை திடீரென இலேசாகும். அறையே பிளந்திருந்தால் மிகையான மருந்தோ பொருந்தாத தோட்டாவோ காரணமாகும். அப்போது வெறுங்கோதும் சாட்சி சொல்லும்: அதன் அடி வீங்கியிருக்கும், எரிகேப்பு தட்டையாகி அல்லது துளைபட்டிருக்கும். பூட்டுப் பற்களின் வேரில் மயிரிழைபோன்ற வெடிப்பு காணப்பட்டாலோ, அது பல்லாயிரம் முறை சுட்டதனால் உருக்குக்கு வந்த களைப்பு.

பொருந்தாத தோட்டாவைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். இருபதாம் இலக்கத் தோட்டா பன்னிரண்டாம் இலக்கக் குழலில் வழுக்கி உட்சென்று, அறையின் முன்னே சிக்கிக்கொள்ளும். துவக்கு வெறுமையென்று நினைத்து மேலும் ஒரு பன்னிரண்டாம் இலக்கத் தோட்டாவை இட்டுச் சுட்டவர்கள் கையை இழந்திருக்கின்றனர். இரண்டையும் ஒரே சட்டைப் பையில் இடுவது ஒருபோதும் ஆகாது. இருபதாம் இலக்கத்துக்கு மஞ்சள் நிறக் கோது வழக்கமானது இதனாலேயே. பாட்டன் காலத்து முறுக்கிரும்புக் குழல்கள் கரிமருந்துக்கென அடிக்கப்பட்டவை. அவற்றில் இக்காலத்துப் புகையிலா மருந்தை இடுதல் தகாது.

காவலர்க்கு மட்டும் உரிய ஒரு கேடும் உண்டு. கடமை முடிந்ததும் அறையிலிருந்த தோட்டாவை வெளியே எடுத்து, மறுநாள் அதையே மீண்டும் ஏற்றுவர். ஒவ்வொரு முறையும் மூக்கு சரிவில் இடிபடுவதனால், குண்டு சிறிது சிறிதாகக் கோதினுள் அமிழும். உள்ளிருக்கும் இடம் குறையக் குறைய, அதே அளவு மருந்து முன்னிலும் மிகுந்த அமுக்கத்தை உண்டாக்கும். பார்வைக்கு அந்தத் தோட்டா புதியதுபோலவே தோன்றும். பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டாலன்றி வேறுபாடு தெரியாது. குட்டையானதை ஒதுக்கிவிடுதலே முறை.

பெரும் பீரங்கிகளுக்கும் இந்த விதி பொதுவே. 1844 பெப்ரவரியில் அமெரிக்கப் போர்க்கப்பலாகிய பிரின்ஸ்டனில், விருந்தினருக்குக் காட்டுவதற்காகச் சுட்ட பெரும் பீரங்கி வெடித்து, அந்நாட்டு அமைச்சர் இருவர் உட்பட அறுவர் மாண்டனர். ஒட்டடித்த இரும்பின் உட்குறை அதற்கு முன் சுட்டபோதெல்லாம் வெளியே தெரியவில்லை. இக்காரணத்தாலேயே சோதனைச் சாலைகளிற் புதிய குழல்களை வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரையிடுகின்றனர். முத்திரையில்லாத குழலை நம்புதற்கில்லை.

இனித் துரு. பழைய இராணுவத் தோட்டாக்களின் எரிகேப்பில் பொற்றாசியம் குளோரேற்று சேர்ந்திருந்தது. எரிந்தபின் அது நம் சமையலுப்புக்கு உறவான ஓர் உப்பாகக் குழலிற் படிந்து, கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரவிலேயே துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். ஆகவே முதலிற் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பின்னரே மெல்லிய எண்ணெய் பூசுக. சுடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்துவிடல் வேண்டும். துருக்குழி ஆழ்ந்துவிட்டால் தேய்த்து மறைப்பதில் பயனில்லை; அவ்விடத்துச் சுவர் மெலிந்தது மெலிந்ததே. புடைத்த கைத்துப்பாக்கிக் குழலையும் தட்டி நேராக்குவதற்கு வழியில்லை. அதனைக் கழற்றி எறிந்து, அதே வகைக்கென ஆக்கிய புதுக்குழலைக் கம்மியர் கையாற் பொருத்திக்கொள்ளவேண்டும்.