பேரேட்டுக் கையெழுத்து கடைப் பெயருக்கு வந்த கதை

விசிட்டிங் கார்டோ, கடை திறப்பு விழா அழைப்பிதழோ அடிக்க அச்சகத்துக்குப் போனால், கம்ப்யூட்டரில் பலவித எழுத்துகளைக் காட்டுவார்கள். அவற்றில் வலப்புறம் சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, முதலெழுத்து கொடிபோல் சுருண்டு நிற்கும் ஆங்கில எழுத்து நம் வியாபாரிகளுக்கு உடனே பிடித்துவிடும். "இதிலேயே போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அது எதற்குப் பொருந்தும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டால் கைப்பணம் மிஞ்சும்.

இவ்வகையில் பெயர் பெற்றது 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்'. 1960-களின் நடுவில் மாத்யூ கார்ட்டர் என்பவர் லினோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது. ஈய அச்சில் சாய்வெழுத்தின் வால் கட்டையை விட்டு வெளியே நீளும்; உடையும்; சேருமிடத்தில் இடைவெளி தெரியும். ஃபிலிமில் எழுத்துக் கோக்கும் முறை வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதற்கு மூலம், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருந்த சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்து. அவர் கணக்கரும்கூட! 1720-ல் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் சரிந்து பலர் நொடித்துப்போனார்கள். அக்கம்பெனி இயக்குநர் ஒருவர் பங்குதாரராக இருந்த நிறுவனத்தின் பேரேடுகளைப் பரிசோதித்து 1721-ல் அறிக்கை எழுதியவர் இவர்தான். பேனாவை அடிக்கடி தூக்காமல் விரைவாகவும், அடுத்தவர் படிக்கும்படியும் கணக்கெழுத வேண்டுமே, அந்தத் தேவையில் வளர்ந்த எழுத்து இது. இன்று கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் என்று நினைக்கிறோம்.

நம் கடை ஃபிரிட்ஜிலும் இதன் உறவு ஒன்று உண்டு. 1886-ல் அட்லாண்டாவில் கோகோ கோலாவுக்குப் பெயர் சூட்டி, அதைச் சாய்வெழுத்தில் எழுதியும் கொடுத்த ஃபிராங்க் ராபின்சன் அங்கே கணக்குப் பார்த்தவர். அது அச்செழுத்தல்ல, அந்நாளில் அமெரிக்காவில் கற்பிக்கப்பட்ட ஸ்பென்சர் முறைக் கையெழுத்து.

கடைப் பெயர், இரண்டு மூன்று சொற்கள், நல்ல தாள், சற்றுப் பெரிய அளவு: இவற்றுக்கு இது அழகு. பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டால் கொடிகள் பின்னிக்கொண்டு ஒன்றும் விளங்காது. எழுத்துகளைத் தள்ளித்தள்ளி வைத்தால் இணைப்பு அறுந்துவிடும். ரப்பர் ஸ்டாம்புக்கும் மட்டத் தாள் பில் புக்குக்கும் இதன் மெல்லிய கோடுகள் தாங்கா.

ஒரு தீபாவளிக்கு 500 துணிப்பைகளில் கடைப் பெயரை இதே எழுத்தில் அடிக்கச் சொன்னேன். தடித்த கோடு விழுந்தது, மெல்லியது விழவில்லை. வாடிக்கையாளர் பலர் "இது யார் கடைப் பை?" என்றார்கள். அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது, கேட்டது நான்.

விலை, எடை, போன் நம்பருக்கு இந்த எழுத்து வேண்டவே வேண்டாம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகள், விவரங்கள் தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும் என்கின்றன.

புரூஃபைத் திரையில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அச்சாகப்போகும் அதே அளவில், அதே தாளில் ஒன்று அடித்து வாங்கி, கல்லாவில் இருப்பவரிடம் நீட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.