பின்னாலிருந்து பார்த்தபோது

மிதிவண்டியில் கோணலாக அமர்ந்து செல்லும் பிள்ளையைக் கண்டால், "நிமிர்ந்து உட்காரடா" என்று அதட்டுவது பெற்றோர் வழக்கம். நம் உபதேசியாரும் அதையே செய்து வந்தார். அவருடைய 14 வயது மகன் நாள்தோறும் 6 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளி செல்பவன். முழங்காலும் இடுப்பும் வலிக்கின்றன என்று அவன் முறையிட்டபோதெல்லாம், பள்ளிக்குப் போகாதிருக்கச் சொல்லும் சாக்கு என்றே தந்தை கருதினார். ஒருமுறை கையும் ஓங்கிவிட்டார்.

கிளைக் கிராமத்துத் திருப்பலிக்குச் சென்ற ஒரு ஞாயிறன்று, நாம் அவனுக்குப் பின்னால் மிதித்துச் செல்ல நேர்ந்தது. இத்தகைய குறையைப் பின்னாலிருந்துதான் காண வேண்டும். இடது மிதி கீழிறங்கும்போதெல்லாம் அவனது இடுப்பு இடப்புறம் சரிந்து மீண்டும் நேரானது.

முதலில் வண்டியையே ஐயுற்றோம். சீட்டின் சுருள்வில் ஒருபுறம் உடைந்திருப்பினும், அதன் முனை திரும்பியிருப்பினும், மிதியின் அச்சு வளைந்திருப்பினும் உடல் கோணும். சீட்டு மிக உயர்ந்திருந்தாலோ, இடுப்பு இருபுறமும் மாறி மாறி ஆடும். இவனுக்கு ஒருபுறமே ஆடியது. ஆகவே வண்டிகளை மாற்றிக்கொண்டு, உபதேசியாரைப் பின்னால் வந்து நோக்கச் சொன்னோம். அவன் வண்டியில் நாம் நேராகவே அமர்ந்திருந்தோமாம். நம் வண்டியிலும் அவன் இடப்புறமே சரிந்தானாம்.

கோயில் முற்றத்தில் அவனை வெறுங்காலோடு நிறுத்தி, இரு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பிலும் கைவைத்துப் பார்த்தோம். இடப்புறம் தாழ்ந்திருந்தது. இடது பாதத்தின்கீழ் ஒரு தடித்த கணக்கு நோட்டை (செபப் புத்தகத்தை அன்று!) வைத்ததும் சமமாயிற்று.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடது கால் 1.5 செ.மீ. குறைவு என்றார். சிறு வேறுபாடு பலருக்கும் உண்டு. நடையில் தெரியாத அது வண்டியில் தெரிந்துவிடுகிறது. சீட்டுக்கும் மிதிக்கும் இடையிலுள்ள தொலைவு இரு கால்களுக்கும் ஒன்றே ஆதலால், குட்டையான கால் எட்டிப் பிடிக்க இடுப்பையும் உடன் இழுக்கிறது. நடைக்கு ஒன்றும் வேண்டாம், இடது மிதியின்மேல் மெல்லிய பலகை பொருத்தினால் போதும் என்றார் மருத்துவர். சீட்டையும் சற்றுத் தாழ்த்தினோம். மிதி அடியில் நிற்கையில், அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், அதுவே அளவு.

பலகையை உபதேசியாரே அறுத்தார். மகனிடம் ஒன்றும் பேசவில்லை. மாட்டியதை மட்டும் மும்முறை கழற்றி, இழைத்து, மீண்டும் மாட்டினார்.